வண்டியைப் பிரித்துப் பார்த்த பையன்



செந்துறை கடைத்தெருப் பக்கம் சாயங்காலம் போயிருக்கீங்களா? ஒரு டூவீலர் பட்டறை வாசலில் நம்ம வகுப்பு நண்பன் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். கையெல்லாம் கிரீஸ். வண்டி வரும் சத்தத்தை வைத்தே டைமிங் செயின் தளர்ந்திருக்கா, சைலன்ஸர் ஓட்டையா என்று சொல்லிவிடுவான். ரிமோட் கார் ஓட்டுவதிலும் மன்னன். பழைய பொம்மைகளின் மோட்டாரையும் பற்சக்கரத்தையும் சேர்த்து அவனே ஒரு கார் செய்து, முந்திரித் தோப்புக்குள் ஓட்டிக் காட்டினான். சருகுக்குள் அது புகுந்து வெளியே வந்தபோது நாங்கள் போட்ட விசிலுக்கு தோப்புக் காவல்காரர் ஓடியே வந்துவிட்டார்.

அந்த நண்பனுக்கு கணக்கில் அரியர். ஒன்றல்ல, மூன்று. படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்கே போய்விடலாமா என்று ஒரு நாள் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடிப் போனபோது கிடைத்தவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர், கோவை ஜி.டி.நாயுடு.

மூன்றாம் வகுப்போடு சரி!

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர் கோவைக்குப் பக்கத்தில் கலங்கல். சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. வாத்தியார் மேல் மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிவந்தவர் என்று இன்றும் சொல்வார்கள். அப்புறம் தோட்ட வேலை. இன்றைக்கு நம்ம ஊரில் அப்படி ஒரு பையன் இருந்தால் உருப்படாதவன் என்று பெயர் வைத்திருப்போம்.

அந்தப் பையன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு மோட்டார் சைக்கிள். ரட்ஜ் என்று பெயர். இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரத்து ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனியின் தயாரிப்பு. முதலில் சைக்கிள் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனி 1911-ல்தான் மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே சிலிண்டர், 499 சிசி. பின் சக்கரத்துக்கு செயின் கிடையாது, பெல்ட்தான். இன்று நாம் பட்டனைத் தொட்டால் உறுமுகிற வண்டி இல்லை அது. அந்தக் காலத்து வண்டி ஓட்டுபவன் பாதி மெக்கானிக்காக இருந்தால்தான் வீடு போய்ச் சேர முடியும்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்த வண்டியில் ஊர்ப்பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்த துரைசாமிக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. வண்டி வேண்டும். வாங்கப் பணம்? கோவைக்குப் போய் ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். எச்சில் இலை எடுத்தாலும் பரவாயில்லை என்று காசைச் சேர்த்தார். சில வருஷம் கழித்து, சேர்த்த சில நூறு ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்து அந்த அதிகாரியிடமிருந்தே வண்டியை வாங்கினார்.

இனிமேல்தான் நண்பர்களே விஷயம். வேறு யாராக இருந்தாலும் ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து மீசையை முறுக்கியிருப்பார்கள். இவர் வண்டியைப் பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, எது எதைத் தள்ளுகிறது, எது எதைத் திறக்கிறது என்று பார்த்து, திரும்பப் பூட்டினார். மறுபடி கழற்றினார், மறுபடி பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, வரைபடம் இல்லை. வண்டியே வாத்தியார். அந்த மோட்டார் சைக்கிள்தான் அவருக்கு ஐ.டி.ஐ., அதுதான் பாலிடெக்னிக்.

ஒரு பஸ்ஸிலிருந்து ஒரு நகரம்

உடனே உச்சிக்குப் போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம். திருப்பூரில் பருத்தி அரவைத் தொழில் செய்தார், காசும் பார்த்தார். பம்பாய் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார், விட்டார். கையில் மிஞ்சியது வேலை தெரிந்த கை மட்டும். கோவையில் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரத் தொழிலதிபர் அந்தக் கையை நம்பினார். 1920-ல் ஒரே ஒரு பஸ். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். என்று பின்னால் பெயர் வாங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். நூற்றுக்கணக்கான பஸ்களாக வளர்ந்தது. நேரம் தவறாத பஸ் என்று பெயர் எடுத்தது. இன்று காலேஜ் பஸ்ஸுக்கு அரை மணி நேரம் காத்து நிற்கும் நமக்கு அதன் அருமை தெரியும்!

1937-ல் பீளமேட்டில் அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கூட நின்று உழைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. பிற்பாடு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர்தான். ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பட்டறை, அதிலிருந்து இன்னொன்று என்று கோவையே மோட்டார் ஊர், பம்ப் ஊர் ஆனது. நம்ம செந்துறை வட்டாரத்தில் வானம் பார்த்த கொல்லைக்கு போர் போட்டவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். மோட்டார் மேல் இருக்கும் தகட்டில் பெரும்பாலும் கோயம்புத்தூர் என்றுதான் பொறித்திருக்கும்.

சின்ன மோட்டாரையும் விடவில்லை. ரேஸண்ட் என்ற பெயரில் சவரக் கருவி ஒன்று செய்தார். டார்ச் லைட் செல் போட்டால் உள்ளே குட்டி மோட்டார் சுற்றும். ரிமோட் கார் பிரியர்களே, யோசித்துப் பாருங்கள். பாட்டரி, குட்டி மோட்டார், பற்சக்கரம்... நம்ம காருக்குள் இருக்கும் சர்வோவும் அந்த வம்சம்தான். கூடவே ஒரு மின்தடை, அச்சு எவ்வளவு திரும்பியது என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ரிசீவரிலிருந்து வரும் துடிப்பு ஒன்றரை மில்லி செகண்ட் என்றால் சக்கரம் நேராக நிற்கும். ஒன்று என்றால் ஒரு பக்கம், இரண்டு என்றால் மறுபக்கம்.

ரேடியோவும் அவர் கையில் சிக்கியது. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மெல்லிய பிளேடு, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி என்று செடிகளையும் விடவில்லை. கேமராப் பைத்தியம் வேறு. 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தவர். விளையாட்டு எது, வேலை எது என்று அவருக்குக் கோடு கிழித்துப் பார்க்கத் தெரியாது.

நமக்குச் சொந்தக்காரர்

இப்போது நம்ம கதைக்கு வருவோம். 1945-ல் கோவையில், அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் வரக் காரணமாக இருந்தவர் நாயுடு. மூன்றாம் வகுப்புப் படித்தவர் கல்லூரிக்கே முதல்வர்! நான்கு வருஷப் படிப்பு நாளைக் கடத்தும் வேலை, பட்டறையில் நிறுத்திப் பழக்கினால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தக் கல்லூரிதான் வளர்ந்து இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது.

1952-ல் இரண்டு பேர் போகிற ஒரு சின்ன பெட்ரோல் கார் செய்தார். விலை இரண்டாயிரம் ரூபாய் என்றார். அன்று எதைத் தயாரிக்கவும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் வரவில்லை. கார் ரோட்டுக்கு வரவில்லை. வரி மேல் வந்த கோபத்தில் தன் கையால் செய்த பொருட்களைத் தானே உடைத்துக் காட்டிய மனிதர் அவர். அது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரு வண்டியைக் கழற்றிப் பூட்டிய கை, தன் பொருளை உடைக்கும்போது எப்படி வலித்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

1974 ஜனவரி 4-ல் காலமானார். கோவை அவினாசி சாலையில் அவர் சேகரித்தவையும் செய்தவையும் காட்சிக்கு இருக்கின்றன. அதே சாலையில் 2025 அக்டோபரில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க ஓட்டலில் வேலை பார்த்த பையன் பெயரில், இன்று ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள் ஓடுகிறது!

நண்பனுக்கு என் பதில்

நாயுடு மூணாம் கிளாஸ்தானே, நான் ஏன் அரியர் எழுதணும் என்று நண்பன் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

போன லீவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பழைய மொபெட் எஞ்சினைப் பிரித்தோம். மூன்று நாளில் பூட்டியும் விட்டோம். இரண்டு வாஷர் மிச்சம்! வண்டி ஸ்டார்ட் ஆகி, தெருமுனை வரை போய், நின்றுவிட்டது. சிலிண்டர் ஹெட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் ஒரு எண்ணாக இருந்தது. நாங்கள் கை பலத்தை நம்பி இறுக்கினோம். நம்ம நண்பன் செய்த காரும் அப்படித்தான், பாட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும் என்று கணக்குப் போடாததால் தோப்பு நடுவில் படுத்துக்கொண்டது.

அப்போதுதான் புரிந்தது. நாயுடு விட்டது பள்ளிக்கூடத்தை. படிப்பதை அல்ல. வெளிநாடு போனாலும் தொழிற்சாலைகளை வேடிக்கை பார்த்துவிட்டு வரவில்லை, கற்றுக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் வேண்டாம் என்றிருந்தால் அவர் ஏன் கல்லூரி கேட்டு நிற்க வேண்டும்? அவர் சண்டை போட்டது பட்டறை இல்லாத படிப்போடு. அவர் கேட்டதில் பாதியாவது நம்ம டிப்ளமோவில் இருக்கிறது. லேத், வெல்டிங், பிட்டிங் என்று கை அழுக்காகிற படிப்பு இது. இஞ்சினியரிங் சீட்டு கிடைக்காதவன்தான் இதற்கு வருவான் என்று கல்யாண வீட்டில் யாராவது சொன்னால் தலை குனிய வேண்டாம்.

ஆகவே நண்பா, பட்டறையை விடாதே. சாயங்காலம் ஸ்பேனர், ராத்திரி கணக்கு. அந்த மூன்று அரியரையும் ஒரு எஞ்சின் என்று நினைத்துக்கொள். கழற்றுவோம், பார்ப்போம், பூட்டுவோம். நாங்கள் நாலு பேரும் கூட உட்காருகிறோம்.

இந்த முறை ஒரு வாஷர் கூட மிச்சம் வைக்கக் கூடாது!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு