நிலத்தை அளந்தவர்

மாங்காட்டிற்குத் தென்கிழக்கே பரங்கிமலை நிற்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று அதன் அடிவாரச் சமவெளியில் நூறு அடிச் சங்கிலியை நீட்டி அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். திப்புவுக்கு எதிரான போரில் பங்கேற்ற ஆங்கிலப் படை அதிகாரி அவர். அங்கு அளந்த அடிக்கோடு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணித்துவிடலாம். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம் எழும். ஆட்சியாளர் அறியாத காடும் மலையும் இவ்வாறே அளவுக்குள் வந்தன. சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட தொலைவு, பழைய நிலப்படங்கள் காட்டியதைவிட நாற்பது மைல் குறைவு என்பது தெளிவாயிற்று.

கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடையுள்ளது. குன்றுகளற்ற தஞ்சைச் சமவெளியில் உயரத்திற்குக் கோயில்களே துணை. 1808இல் பெரியகோயிலின் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அத்தனை ஆண்டு உழைப்பும் அத்துடன் நின்றிருக்கக்கூடும். லாம்டனோ கூடாரத்துள் அடைந்துகிடந்து, உருக்குலைந்த வட்டத்தை ஆறு வாரங்களில் தாமே சீராக்கினார்.

1823இல், நாகபுரிக்குச் செல்லும் வழியில் இங்கன்காட்டில் அவர் இறந்தார். அளவைக் கோட்டை இமய அடிவாரம்வரை கொண்டுசென்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயர்ந்த சிகரத்திற்கு அவர் பெயர் வாய்த்தது. கொடி பிடித்தும் கருவி சுமந்தும் காட்டுக்காய்ச்சலில் மாண்ட இந்தியத் தொழிலாளரின் பெயர்களோ ஏடுகளில் அரிதாகவே காணப்படுகின்றன.