ஆலன் டூரிங்

யந்திரத்துக்குப் புத்தி உண்டா என்னும் விவாதம் இன்று வீதிதோறும் நடைபெறுகிறது. ஆனால், அத்தகைய யந்திரங்கள் தோன்றத் தொடங்கிய காலத்திலேயே, அவற்றுக்கு எங்ஙனம் கல்வி புகட்டுவது என்று தாளும் பென்ஸிலும் கொண்டு ஆராய்ந்தவர் ஆங்கிலக் கணித மேதை ஆலன் டூரிங். அவர் தம் நாட்டாரால் நடத்தப்பட்ட விதமும் நம் நேயர்கள் அறியத்தக்கதே.

டூரிங் 1912-ம் வருஷம் ஜூன் மாதம் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தர். தாயார் கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். மதராஸ் ரெயில்வேயின் தலைமை எஞ்சினியராயிருந்த ஸ்டோனியின் புதல்வி. பெற்றோர் இந்தியாவில் இருக்க, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் அயலார் பராமரிப்பில் வளர்ந்தனர். சாம்ராஜ்யம் ஆண்டவர்களின் குழந்தைகளையும் ஒருவாறு அநாதைகளாக்கியது போலும்!

கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், 1936-ல் எழுதிய கட்டுரையால் கணித உலகில் நிலைபெற்றார். நாடாவில் ஓர் எழுத்தைப் படித்தல், மாற்றுதல், ஓர் இடம் நகர்தல் என்னும் சொற்ப விதிகளைக் கொண்ட ஒரே யந்திரம், விதிப்படி செய்யக்கூடிய கணக்கு எதையும் செய்யவல்லது என்று அதில் நிரூபித்தார். யுத்தகாலத்தில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் ‘எனிக்மா’ சங்கேதத்தை உடைத்த குழுவில் முன்நின்றார். போலந்து நாட்டுக் கணிதர்கள் முன்னமே வழிகாட்டியிருந்தனர். எனினும், ஜெர்மன் கடற்படையின் சங்கேதத்தை வெளிப்படுத்தியதில் டூரிங்கின் பங்கு மிகப் பெரிது.

நாம் விசேஷமாகச் சொல்ல விரும்புவது 1948-ல் அவர் தயாரித்த அறிக்கையைப் பற்றியே. வளர்ந்த மனிதனின் அறிவனைத்தையும் ஒரு யந்திரத்தில் திணிக்க முயல்வது வீண். குழந்தை போன்ற எளிய யந்திரத்தைச் செய்து, அதற்குப் போதிப்பதே வழி என்பது அவர் கருத்து. அந்த யந்திரத்துக்குத் தொடக்கத்தில் விதிகள் பெரும்பாலும் வகுக்கப்பட்டிரா. செய்வதறியாத நிலை வந்தால், அது குருட்டாம்போக்கில் ஒன்றைத் தேர்ந்து, அதைத் தற்காலிக விதியாகக் குறித்துக்கொள்ளும். ஆசிரியர் ‘துன்பம்’ என்னும் குறியை அனுப்பினால், தற்காலிக விதிகள் யாவும் அழியும். ‘இன்பம்’ என்னும் குறி வந்தால், அவை நிரந்தரமாகும். இவ்வாறு அனுபவத்தால் அந்த யந்திரம் தன் விதிகளைத் தானே நிரப்பிக்கொள்ளும். அடியும் வெகுமதியும் மட்டும் போதா, கட்டளைகளைத் தெரிவிக்க வேறு வழியும் வேண்டும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். மாணாக்கனின் உள்ளே நிகழ்வது ஆசிரியருக்கே பெரும்பாலும் விளங்காது என்று 1950-ல் எழுதினார். இன்றைய நிபுணர்கள் கவலையோடு பேசுவது இதையே அல்லவா?

அவர் பணியாற்றிய தேசிய பௌதிக ஆராய்ச்சிசாலையின் தலைவர் ஸர் சார்லஸ் டார்வின், பரிணாம தத்துவம் கண்ட டார்வினின் பேரர். அவர் இந்த அறிக்கையைப் பள்ளிச் சிறுவனின் வியாசம் என்று ஒதுக்கிவிட்டார். ஆசிரியர் இறந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அது அச்சேறியது.

பிளெட்ச்லியில் டூரிங்கோடு சதுரங்கம் ஆடிய டொனால்டு மிக்கி என்ற இளைஞர், 1961-ல் கணினி கைவசம் இல்லாமையால் சுமார் 300 தீப்பெட்டிகளையும் வர்ண மணிகளையும் கொண்டு ஒரு யந்திரம் அமைத்தார். வட்டமும் பெருக்கல் குறியும் இட்டு ஆடும் ஒன்பது கட்ட விளையாட்டு அதன் பாடம். ஆட்டத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. எடுத்த மணியின் நிறமே அடுத்து ஆடும் கட்டம். ஜயித்தால், எடுத்த மணிக்குத் துணையாக அதே நிற மணிகள் சேர்க்கப்படும். தோற்றால், எடுத்த மணி பறிமுதலாகும். பல ஆட்டங்களுக்குப் பின் அந்தத் தீப்பெட்டிகளைத் தோற்கடிப்பது கடினமாயிற்று. இன்ப துன்பக் குறிகளால் கற்பிக்கலாம் என்ற கொள்கைக்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. டூரிங் அதைக் காணவில்லை.

1952-ல் தம் வீட்டில் நடந்த திருட்டைப் பற்றிப் போலீஸில் புகார் செய்யப்போன அவர், விசாரணையில் ஓர் ஆடவருடன் தமக்கிருந்த உறவை மறைக்காமல் கூறினார். திருட்டு பின்னுக்குப் போயிற்று. புகார் கூறியவரே குற்றவாளியானார். 1885-ம் வருஷச் சட்டத்தின்படி தண்டிக்கப்பட்டு, சிறைவாசத்துக்குப் பதிலாக ஒரு வருஷ காலம் ஹார்மோன் சிகிச்சைக்கு உட்பட்டார். சங்கேத வேலைக்கும் அவரை அனுமதிக்கவில்லை. அவருடைய யுத்தகாலச் சேவையோ அரசாங்க ரகசியமாதலால், உலகம் அதை அறியவில்லை. மனம் ஒப்பிய இரு பெரியோர் தனிமையில் நடந்துகொண்டதால் எவருக்கு நஷ்டம், சட்டம் எதைக் காப்பாற்றியது என்பது நமக்கு விளங்கவில்லை. அதே ஆட்சியினர் நம் பீனல் கோடில் விட்டுச் சென்ற 377-வது பிரிவை, இத்தகைய உறவைப் பொறுத்தமட்டில், சுப்ரீம் கோர்ட் ரத்துச் செய்தது 2018-ல்தான். ஆகவே நாமும் பெருமை கொள்வதற்கில்லை.

1954-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி, 41-ம் வயதில், சயனைடு விஷத்தால் டூரிங் மாண்டார். தற்கொலை என்று விசாரணையில் முடிவாயிற்று; விபத்தென்று நம்பினார் தாயார். பிரிட்டிஷ் பிரதம மந்திரி 2009-ல் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். 2013-ல் ராணியின் பெயரால் மன்னிப்பும் அளிக்கப்பட்டது. குற்றமன்று என்று பின்னர் ஒப்புக்கொண்ட செயலுக்கு மன்னிப்பு என்னும் சொல் எங்ஙனம் பொருந்தும் என்று அங்கேயே பலர் கேட்டனர். அதே சட்டங்களால் தண்டனை பெற்று மாண்ட ஆயிரக்கணக்கான பிறருக்கு அந்த மன்னிப்பும் 2017-ல்தான் கிட்டியது.