ஸர் ஸையத் அகமது கான்

நம் சிவகங்கை மாவட்டத்து இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் பெயர் பூண்ட கல்லூரியொன்று உளது. குடியரசுத் தலைவராய் விளங்கிய அப்பெரியார் இளமையிற் பயின்றதும், பின்னர்த் துணைவேந்தராய் அமர்ந்ததும் அலிகாரிலாம். அவ்வலிகார்க் கலைக்கழகத்திற்கு வித்திட்ட பெருமகனாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஸையத் அகமது கான் 1817-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் டில்லியில் உயர்குடியிற் பிறந்தார். தந்தையார் 1838-இல் இறக்கவே, கம்பெனியாரின் நீதித்துறையில் அலுவல் ஏற்றார். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது பிஜ்னோரில் இருந்த ஆங்கிலக் குடும்பங்களின் உயிரைக் காத்தார். டில்லியில் அல்லலுற்ற அன்னையாரோ மீரட் நகரடைந்து சின்னாளில் மறைந்தார். தம் மக்களின் வீழ்ச்சிக்குக் கல்லாமையே காரணமெனத் தெளிந்த அவர், அதனைப் போக்குவதையே வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். நம் திருமறைக்கும் ஓர் உரை வகுத்தார். அது 1862-இல் வெளிவரத் தொடங்கிற்று.

நிற்க. மலக்குகள் எனப்படும் வானவர் ஒளியாற் படைக்கப்பெற்றோர், இறைவன் ஏவலிற் பிறழாதோர் என்பது இஸ்லாமியருட் பெரும்பாலார் துணிபு. அங்ஙனமாயின், ஆதமுக்குத் தலைவணங்க மறுத்த இபுலீசு மலக்காதல் எங்ஙனம்? மலக்கினத்தவனே என்பார் ஒரு சாரார். நெருப்பிற் பிறந்த ஜின் இனத்தவன், ஆதலின் மறுக்கும் உரிமையுடையான் என்பார் மற்றொரு சாரார். மனிதன் தன் செயலைத் தானே ஆக்குகின்றான் என்றனர் பழைய முஃதஸிலாக் கொள்கையினர். செயலைப் படைப்பவன் இறைவனே, மனிதன் அதனை ஈட்டிக் கொள்கின்றான் என்றனர் 10-ஆம் நூற்றாண்டிற் கிளைத்த அஷ்அரி வழியினர்.

ஸையத் அகமதோ 1880 முதல் வெளிவந்த தம் குர்ஆன் விரிவுரையிற் புதுவழி கண்டார். மலக்குகள் என்பன இறைவன் படைப்பில் அமைத்த ஆற்றல்களே. சைத்தான் மனிதனுள் எழும் தீய வேட்கையே. ஆதமின் கதை மனித இயல்பை உணர்த்தும் உருவகமே என்றார். இறைவன் முன்னறிதல் மனிதனைக் கட்டாயப்படுத்துதல் ஆகாது, அவன் தன் இயல்பின் எல்லைக்குள் உரிமையுடையான் என்றும் விளக்கினார். இன்னோரன்ன கருத்துக்களால் மார்க்க அறிஞர் வெகுண்டனர். இயற்கைவாதி என்று இகழ்ந்தனர். மக்கமா நகரிலிருந்தும் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

அக்காலத்தேதான் அவர் கல்லூரிக்குப் பொருள் திரட்டி வந்தார். 1875-இற் பள்ளி தொடங்கிற்று. 1877 ஜனவரி 8-ஆம் நாள் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். ஐயுற்ற பெற்றோர் தம் மைந்தரை அனுப்பத் தயங்கினர். கொள்கையைக் கைவிடுவதா, கல்லூரியைக் கைவிடுவதா? அவர் இரண்டையும் கைவிட்டிலர். தம் கருத்தை எழுத்தில் மறையாது வைத்தார். ஆயின் கல்லூரியின் சமயப் பாடத்தை வகுக்கும் பொறுப்பைப் பிறரிடம் ஒப்புவித்துத் தாம் விலகி நின்றார். ஸுன்னி மாணவரும் ஷியா மாணவரும் தத்தம் நெறிப்படி கற்றனர். இந்து மாணவரும் அங்கே இடம் பெற்றனர்.

அவர் 1898 மார்ச் 27-ஆம் நாள் மறைந்து, கல்லூரிப் பள்ளிவாசலின் அருகே அடக்கம் பெற்றார். கல்லூரி 1920-இற் பல்கலைக்கழகமாயிற்று.

வானதூதரை நம்பும் கிறிஸ்தவனாகிய எனக்கு அவர் கொள்கை உடன்பாடன்று. எனினும் ஒன்றை வியவாதிருத்தல் இயலாது. மனிதனுக்குத் தெரிந்தெடுக்கும் உரிமையுண்டு எனக் கூறுதல் எளிது. தாம் எழுப்பிய மனையில், தம்மை மறுக்கும் உரிமையைப் பிறர்க்கு அளித்தல் அரிது. நோன்பும் தொழுகையும் விவிலிய வகுப்பும் உடைய மாணவர் ஒரே விடுதியில் வாழும் நாம் அவ்வரிய செயலைக் கற்போமாக.