ஓபர்லின் ஐயர்

பஞ்சமும் பெருமழையும் கொள்ளைநோயும் நாள் குறித்து ஓலை விடுத்து வருவன அல்ல. வந்தபின் ஓடியாடித் தேடுவோன் பெறுவது சிறிது. வருமுன்னரே தன் இல்லத்தையும் கைகளையும் ஆயத்தஞ் செய்து வைத்தவன் இழப்பதும் சிறிது. இதனை யாவரும் ஒப்புவர். ஆயினும், ஒரு வீட்டை இடர்க்காலத்திற்கு ஆயத்தஞ் செய்தல் என்பதுதான் யாது? குதிரில் தானியமும் பெட்டியிற் பணமும் நிறைத்துக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுதலோ? இவ்வினாவிற்கு ஏட்டில் எழுதி விடை தராது, ஐம்பத்தொன்பது ஆண்டுகள் வறிய மலைநாடொன்றில் வாழ்ந்து விடை தந்தவர் ஜான் பிரெடெரிக் ஓபர்லின் ஐயர். அவர்தம் சரித்திரம் கல்லூரி மாணாக்கர் யாவரும் அறியத்தக்கது.

ஓபர்லின் 1740ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31ஆம் நாள், பிரான்சு தேசத்தின் கீழ்த்திசையிலுள்ள ஸ்திராஸ்பூர்க் நகரத்திற் பிறந்தார். தந்தையார் அந்நகரத்துப் பள்ளியில் ஆசிரியர், பிள்ளைகள் பலர், வருவாயோ சிறிது. வாரந்தோறும் பிள்ளைகளுக்குச் சில காசுகள் கொடுத்தல் தந்தையாரின் வழக்கம். தையற்காரருக்கோ செருப்புத் தைப்பவருக்கோ கொடுக்கவேண்டிய பணத்திற் குறைவு நேர்ந்து தந்தையார் முகம் வாடக் கண்டால், பாலகராகிய ஓபர்லின் தம் உண்டியலை எடுத்துவந்து அவர் கையிற் கவிழ்ப்பாராம். சேர்ப்பதும், சேர்த்ததைத் தக்க பொழுதிற் கொடுப்பதும் அவருக்கு இளமையிலேயே கைவந்த கலைகளாயின.

ஸ்திராஸ்பூர்க்கிற் சமயநூற் கல்வி முடித்தபின், படைவீரர்க்குக் குருவாகச் செல்ல அவர் இசைந்திருந்தார். அக்காலத்தில், 1767ஆம் ஆண்டில், ஸ்டூபர் என்னும் குருவானவர் அவரைத் தேடி வந்தார். மேன்மாடத்துச் சிற்றறையொன்றில், காகிதத் திரை தொங்கிய கட்டிலில், பல்வலியால் வருந்திக் கிடந்தார் ஓபர்லின். விளக்கின்மேல் ஒரு சிறு சட்டி தொங்கிற்று. அஃது யாதென வினவிய விருந்தினருக்கு, அதுவே தம் அடுக்களை என்றும், பெற்றோர் இல்லத்தில் உண்ணும்போது பெற்ற ரொட்டித் துண்டை நீரும் உப்பும் இட்டு விளக்கின் சூட்டில் வேகவைத்து இரவில் உண்பது வழக்கம் என்றும் அவர் கூறினார். தாம் விட்டுச் செல்லவிருந்த வறிய சபைக்கு ஏற்ற மனிதர் இவரே என ஸ்டூபர் ஐயர் அப்பொழுதே துணிந்தார்.

அச்சபை இருந்த இடம் வோஜ் மலைத்தொடரிற் கற்பள்ளத்தாக்கு எனப் பொருள்படும் பெயருடைய நாடு. பிரெஞ்சுக்காரர் அதனைப் பான் த லா ரோஷ் என்பர். அச்சபை வால்டர்ஸ்பாக், ஃபூடே முதலிய ஐந்து சிற்றூர்களைக் கொண்டது. மண் மெல்லியது; மழை பெய்தால் சரிவிலிருந்து வழிந்தோடிவிடும்; ஓடிய மண்ணைக் கூடையிற் சுமந்து மீண்டும் மேலே கொண்டு சேர்த்தல் வேண்டும். மாரிக்காலமோ நெடியது. உறைபனி மூடிய மாதங்களில் அயலூர்க்குச் செல்லும் தடமும் மறையும். கலப்பை உடைந்தால் செப்பனிடுவார் இல்லை. நோய் வந்தால் மருந்து கொடுப்பார் இல்லை. ஸ்டூபர் ஐயர் முதன்முதல் அங்கே சென்றபோது பள்ளி ஆசிரியரைத் தேட, படுக்கையிற் கிடந்த முதியவர் ஒருவரைக் காட்டினார்களாம். பன்றி மேய்க்க வலுவற்றுப் போனமையால் பிள்ளைகளை மேய்க்க அமர்த்தப்பட்டவர் அவர்! ஸ்டூபர் ஐயர் பள்ளிகளைச் சீர்ப்படுத்தினார். நூல்களைக் கடன் கொடுக்கும் சாலையும் நிறுவினார். அவர் ஊன்றிய வித்துக்கு நீர் பாய்ச்சும் தொழில் ஓபர்லினுக்கு வாய்த்தது.

தொடக்கத்தில் எதிர்ப்பு மிகுந்தது. புதிய குரு புதிய தொல்லை என்று எண்ணிய சிலர் அவரை வழிமறித்து அடிக்கச் சூழ்ந்தனர். அதனை அறிந்த ஐயர், அவர்கள் கூடியிருந்த வீட்டிற்கே தனித்துச் சென்று, செய்ய நினைத்ததை ஒளிவின்றிச் செய்துவிடுமாறு தம்மை ஒப்புவித்து நின்றார். நாணமுற்ற அவர்கள் பின்னர் அவருக்கு உற்ற துணைவர் ஆயினர்.

அவர் முதலில் தொட்ட வேலைகளுள் ஒன்று சாலை. தன்னிறைவு என்றால் பிறரோடு தொடர்பற்று இருத்தல் என்று அவர் கருதவில்லை. வழியற்ற ஊரில் விளைந்தது விலைபோகாது; விளையாத ஆண்டில் தானியமும் வந்து சேராது. ஆகவே புரூஷ் ஆற்றங்கரையில் ஏறக்குறைய ஒன்றரை மைல் நீளம் பாறையை வெடிவைத்துப் பிளந்து, தாங்குசுவர் எழுப்பிச் சாலை அமைக்கவும், ரோத்தோ என்னும் ஊரருகே பாலம் கட்டவும் வேண்டும் என்றார். ஊரார் இயலாதென்று தலையசைத்தனர். ஐயர் மறுமொழி கூறாது, கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு தாமே சென்று கல் பெயர்க்கத் தொடங்கினார். கற்றறிந்த குருவானவர் வெயிலிற் கல் பெயர்ப்பதைக் கண்ட குடியானவர் வாளா இருப்பரோ? ஒருவர் பின் ஒருவராய்க் கூடினர். சாலையும் பாலமும் முடிந்தன.

அடுத்தது கருவியும் கைத்தொழிலும். வால்டர்ஸ்பாக்கில் உழவுக் கருவிகளை வாங்கிச் சேமித்து வைத்து, கொண்ட விலைக்கே, தவணை தந்து விற்றார். கூர்த்த அறிவுடைய இளைஞரைத் தேர்ந்து நகரங்களுக்கு அனுப்பிக் கொல்லு, தச்சு, கொத்து, வண்டிவேலை முதலியவற்றைக் கற்று வரச் செய்தார். பிள்ளைப்பேற்றுக்கு உதவும் மாதரும் பயிற்சி பெற்றனர். தாமே மருத்துவ நூல்களைப் பயின்று நோயாளிகளைப் பார்த்தார். கடன் என்பது ஏழை வீட்டின் அடித்தளத்தை அரிக்கும் செல் என்பதை அறிந்து, சிறு தொகைகளை வட்டியின்றிக் கொடுக்கும் பொதுநிதி ஒன்றையும் ஏற்படுத்தினார். குறித்த நாளில் திருப்பிக் கொடாதவர் சில காலம் அந்நிதியிற் கடன் பெறும் உரிமையை இழப்பர். இரக்கமும் ஒழுங்கும் ஒன்றையொன்று விட்டு நீங்காமை அவர் முறையின் சிறப்பாகும்.

நிலத்திலும் அவர் சொல்லாற் கற்பிக்கவில்லை. கண்ணாற் காணச் செய்தார். ஊரார் நாடோறும் நடக்கும் வழியின் இருமருங்கிலும் இருந்த தம் நிலத்தில் ஆழக் குழிதோண்டி, நல்ல மண் நிரப்பி, ஆப்பிள், பேரி, செர்ரி, வாதுமை ஆகிய மரங்களை நட்டார். மரங்கள் தழைத்தபோது, அக்கரட்டு நிலத்தில் இவை வளர்ந்தவாறு எங்ஙனம் என்று மக்களே வந்து வினவினர். பின்னர் மரம் நடுதல் அந்நாட்டில் ஒரு சமயக் கடமை போலாயிற்று. திருச்சபையில் உறுதிப்படுத்தப்பட விரும்பும் ஒவ்வோர் இளைஞரும் தாம் மரம் நட்டமைக்குச் சான்று கொண்டுவரல் வேண்டும் என விதித்தார். அவர்தம் முதன்மை உணவாகிய உருளைக்கிழங்கு பழைய விதையால் விளைவு குன்றியிருந்தது. வெளிநாடுகளினின்று புதிய விதைக்கிழங்கு தருவித்தார். கால்நடைத் தீவனத்திற்குக் கிளாவர்ப் புல்லும், நூற்பதற்கு ஆளிச் செடியும் பயிராயின. இலைகள், பாசி, கோரை, கந்தல், பழஞ்செருப்பு வரை யாவும் மட்கி எருவாகும் எனக் காட்டினார். கந்தல் பொறுக்கிவந்த சிறுவர்க்குக் காசும் கொடுத்தார்.

ஒரு வீட்டின் ஆயத்தம் அவ்வீட்டுப் பிள்ளைகளிடத்தே தொடங்குகிறது என்பது அவர் கொள்கை. பெற்றோர் வயலுக்குச் செல்ல, கவனிப்பாரற்றுத் திரிந்த சிறு குழந்தைகளுக்கென, சாரா பான்சே என்னும் பெண்மணி தம் இல்லத்தில் நடத்திவந்த பின்னல் வகுப்பை ஐயர் தழுவிக்கொண்டு ஊர்தோறும் பரப்பினார். ஐரோப்பாவில் எழுந்த குழந்தைப் பள்ளிகளுள் இவை மிகப் பழமையானவற்றைச் சேர்ந்தன. அங்கே பிள்ளைகள் பாட்டும் கதையும் கேட்டனர். பின்னவும் நூற்கவும் கற்றனர். தம் ஊரின் படத்தைக் கண்டு மலையும் ஆறும் அறிந்தனர். மலைச்சரிவுகளில் உலாவி, உண்ணத்தக்க பூண்டு இது, மருந்தாவது இது, நஞ்சு இது எனப் பிரித்தறியவும் பயின்றனர். இக்கல்வியின் பயன் விளங்கும் காலமும் பின்னர் வந்தது.

தம் இல்லத்தை ஐயர் நடத்திய முறையும் கருதத்தக்கது. வருவாய் வந்தவுடன் வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டு முறைப்படி மூன்று தசமபாகங்களைப் பிரித்து மூன்று பெட்டிகளில் இடுவார். ஒன்று தேவ ஆராதனைக்கு, ஒன்று சாலை, பள்ளி முதலிய பொதுநன்மைக்கு, ஒன்று ஏழைகளுக்கு. எஞ்சியதற்குள் குடும்பம் நடந்தது. 1768இல் அவரை மணந்த சலோமே அம்மையார் இச்சிக்கனத்திற்கு உற்ற துணையாயிருந்து, 1783இல் மக்கள் பலரை விட்டு உயிர்நீத்தார். அப்பொழுது அவ்வீட்டைத் தாங்கியவர் லூயிஸ் ஷெப்ளர் என்னும் குடியானவப் பெண். இளம்பிராயத்திற் பணிப்பெண்ணாய் வந்த அவர், பின்னாளிற் கூலி வேண்டாம், மகளாக ஏற்றுக்கொள்ளுங்கள் என வேண்டி, தம் ஆயுள் முழுவதையும் அவ்வீட்டிற்கும் குழந்தைப் பள்ளிகளுக்கும் ஈந்தார்.

1789இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சி குருமார் வருவாயைப் பறித்தது, ஆராதனையையும் தடுத்தது. ஐயர் மாணாக்கரைத் தம் வீட்டில் வைத்துக் கற்பித்துப் பிழைத்தார்; அடைக்கலம் புகுந்தோரையும் காத்தார். 1794இற் காவலில் வைக்கப்பட்டுச் சின்னாளில் விடுதலையடைந்தார். காட்டு உரிமை பற்றி நிலவுடையோருக்கும் ஊராருக்கும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த வழக்கையும் அவர் மறக்கவில்லை. விறகும் மரமும் மேய்ச்சலும் காட்டினின்றே வருதலின், அவ்வழக்குத் தீராதவரை எவ்வீடும் உறுதியாய் நில்லாது. 1813இல் அவர் முயற்சியால் இருதிறத்தாரும் உடன்பட்டனர். அக்காலத்திலேயே மற்றோர் இடரும் நேர்ந்தது. மலைவீடுகளுக்கு மாரிக்காலத்திற் காசு தந்த பஞ்சு நூற்றல், ஆலைகள் பெருகவே நசித்தது. நல்வாய்ப்பாக, லெகிராண்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பெரியார் தம் நாடாத் தொழிலை ஃபூடேவிற்குக் கொணர்ந்து, தறிகளைக் குடியானவர் வீடுகளிலேயே அமைத்தார்.

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றான சும்பாவாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அது வானிற் கக்கிய நுண்பொருள்கள் வெயிலை மறைக்க, 1816இல் ஐரோப்பாவிற் கோடையே இல்லாதொழிந்தது. தானியம் முற்றவில்லை, கிழங்கு அழுகிற்று, விலைகள் ஏறின. 1817இல் எங்கும் பசி. கற்பள்ளத்தாக்கும் அதற்குத் தப்பவில்லை. அங்கும் மக்கள் கடுந்துயர் உற்றனர். ஆயினும், காட்டுப் பூண்டுகளை அறிந்த கண்களும், நாடா நெய்து கூலி பெறும் கைகளும், கடன் கொடுக்கும் பொதுநிதியும், தானியம் வந்துசேரச் சாலையும் அவர்களுக்கு இருந்தன. எல்லாவற்றினும் மேலாக, அயல்வீட்டில் அடுப்பெரிகின்றதா என்று பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. ஐம்பதாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த ஆயத்தம் இதுவே. அப்பொழுது ஐயருக்கு வயது எழுபத்தாறு.

உலகம் அவரைப் பிந்தியே கண்டுகொண்டது. பாரிஸ் நகரத்து வேளாண்மைச் சங்கம் 1818இற் பொற்பதக்கம் வழங்கியது; பதினெட்டாம் லூயி மன்னர் 1819இல் அரச விருது அளித்தார். மலைமக்களோ அவரை அப்பா என்றே அழைத்தனர். அவ்விருதே அவருக்குப் பெரிதாயிருந்திருக்கும். 1826ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். ஃபூடே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1829இற் பிரெஞ்சு அக்காதெமி லூயிஸ் ஷெப்ளருக்கு நல்லொழுக்கத்திற்கான பரிசு ஈந்தது. 1833இல் அமெரிக்காவின் ஒகையோ மாகாணத்தில் நிறுவப்பட்ட ஊரும் கல்லூரியும் ஓபர்லின் என்னும் பெயரையே தாங்கின; இனவேறுபாடின்றியும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றியும் மாணாக்கரைச் சேர்த்த கல்லூரிகளுள் அது முற்பட்டதாகும்.

மாணாக்கர்காள்! பட்டம் பெற்றபின் மண்வெட்டியைத் தொடுதல் இழிவென்று எண்ணுவார் நம்மிடையே இன்றும் உளர். ஓபர்லின் ஐயர் பல்கலைக்கழகத்துக் கல்வியோடு கடப்பாரையையும் தோளில் ஏந்தினார். அதனால் அவர் கல்வி குறைபடவில்லை. நம் காலத்திலும் புயலும் வெள்ளமும் வறட்சியும் வருகின்றன. கொள்ளைநோயால் ஊரெல்லாம் கதவடைத்து இருந்ததையும் கண்டோம். அத்தகைய நாளுக்கென ஒரு மாதத்து அரிசியைச் சேமித்து வைத்தல் நன்றே. ஆயின் அதனோடு நில்லாது, கிணற்றைத் தூர்வாரி, கொல்லையில் மரம் வைத்து, கைத்தொழில் ஒன்று கற்று, கடனை ஒழித்து, அயலாரோடு அன்புற வாழ்வோமாயின், அதுவே நிறைந்த ஆயத்தமாகும். தாழிட்ட வீட்டின் சேமிப்பு ஒருநாள் தீரும். ஒன்றுக்கொன்று துணைநிற்கும் வீடுகளின் வலிமை அங்ஙனம் எளிதில் தீர்ந்துபோவதன்று.