பறவைக்கு வளையமிட்ட பெரியார்

வலசை வரும் வாத்துகள் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோலவே தோன்றும். சென்ற ஆண்டு வந்த வாத்துதான் இவ்வாண்டும் வந்துள்ளதா? அது எங்கிருந்து வந்தது? இவ்வினாக்களுக்கு நம் நாட்டில் விடை தேடியவர்களுள் முதன்மையானவர் சலீம் அலி.

இவர் 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். மூன்று வயதிற்குள் தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது, காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. அஃது என்ன குருவி என அறிய விரும்பி, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். கழகச் செயலாளர் மில்லார்டு, பதப்படுத்திய பறவைகளை அன்புடன் காட்டி விளக்கினார். அன்று தோன்றிய ஆர்வம் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

நீங்கள் வாழும் திருவனந்தபுரம் அக்காலத்தில் திருவிதாங்கூர் நாட்டின் தலைநகராக விளங்கியது. 1933ஆம் ஆண்டில் சலீம் அலி அந்நாட்டின் காடுமேடெல்லாம் சுற்றிப் பறவைகளை ஆராய்ந்தார். பறவைகளைச் சுட்டுச் சேகரிப்பதே அன்றைய ஆய்வு முறை. ஆயினும், இறந்த பறவை தன் இனத்தைக் காட்டுமேயன்றித் தான் செல்லவிருந்த வழியைக் காட்டாது.

அவ்வழியை அறிய உதவுவது வளையமிடும் முறையாகும். மெல்லிய வலையில் பறவையைப் பிடிப்பர்; அளந்து, எடை பார்ப்பர்; எண்ணும் முகவரியும் பொறித்த சிறு அலுமினிய வளையத்தைக் காலில் பூட்டிப் பறக்கவிடுவர். அப்பறவையை வேறிடத்தில் காண்பவர் அவ்வெண்ணைத் தெரிவித்தால், அது சென்ற தொலைவு புலப்படும். சலீம் அலி இம்முறையை ஜெர்மனியின் ஹெலிகோலாந்துத் தீவில் பயின்றார்.

பறவைகள் தொலைநாடுகளிலிருந்து நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என அறிய, 1959ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பெரும் வளையமிடும் திட்டத்தை அவர் தொடங்கினார். இராசத்தானின் பரத்பூரிலும், தமிழகத்தின் கோடியக்கரையிலும் பறவைகளுக்கு வளையங்கள் பூட்டப்பட்டன. பரத்பூரில் வளையம் பெற்ற வாத்துகள் சைபீரியா வரை சென்றமை தெரியவந்தது.

1983ஆம் ஆண்டில் கேரளத்தின் தட்டேக்காட்டில் அமைந்த பறவைகள் சரணாலயம் இவர் பெயரையே தாங்கியுள்ளது. 1987ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் இவர் மறைந்தார். சுட்டு வீழ்த்திப் பறவையை அறிந்த அச்சிறுவர், உயிருடன் பறக்கவிட்டு அறியும் வழியை நாட்டிற்குக் காட்டிச் சென்றார்.

சொற்பொருள்
வலசை – பறவைகள் பருவந்தோறும் இடம்பெயர்தல்
பொறித்த – செதுக்கி எழுதிய
புலப்படும் – தெரியவரும்

விடை எழுதுக
1. சலீம் அலிக்குப் பறவைகளிடம் ஆர்வம் தோன்றியது எவ்வாறு?
2. வளையமிடும் முறையை வரிசைப்படுத்தி எழுதுக.
3. காலில் வளையமுள்ள பறவையைக் கண்டால் நீ என்ன செய்வாய்?