முதல் பட்ஜெட் போட்ட தமிழர்

போன மாதம் பொது அறிவுப் போட்டியில், இந்தியாவுக்கு நிதி அமைச்சராக இருந்த தமிழர் யார் என்று சார் கேட்டப்போ எல்லாரும் ஒண்ணா ப. சிதம்பரம்னு கத்தினோம். நம்ம பக்கத்து ஊர் பெயராச்சே, மறக்குமா! சார் சிரிச்சிட்டு, அது சரி, சுதந்திரம் வந்த அன்னைக்கே நிதி அமைச்சரானவர் யாருன்னு கேட்டார். வகுப்பே அமைதி. அவரும் ஒரு தமிழர்தான், அதுவும் சிதம்பரத்தில் வேலை பார்த்தவர்னு சார் சொன்னதும் எனக்கு ஆச்சரியம் தாங்கல. அதனால் இந்த மாதம் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர்தான் சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1892 அக்டோபர் 17-ல் கோயம்புத்தூரில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்தார். ஆனால் வக்கீல் தொழிலை விடப் பொருளாதாரமும் அரசியலும்தான் அவரை இழுத்தன. 1917-ல் கோவை நகராட்சி உறுப்பினர். 1920-ல் நீதிக்கட்சி சார்பில் சென்னைச் சட்டசபைக்குப் போனார். பிறகு சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து டெல்லியில் இருந்த மத்திய சட்டசபைக்குப் போனார். 1933-ல் அந்தச் சபைக்கே தலைவர் ஆனார். இப்போ சபாநாயகர்னு சொல்றோமே, அந்தப் பதவி.

அதற்கு முந்தின வருடம், 1932-ல், கனடா நாட்டு ஒட்டாவா நகரத்தில் ஒரு மாநாடு. பிரிட்டிஷ் ஆட்சிக்குள் இருந்த நாடுகள் ஒன்றுக்கொன்று வரியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே ஒப்பந்தம் போட்டார்கள். அதில் இந்தியா சார்பில் போனவர்களில் இவரும் ஒருவர். அந்த ஒப்பந்தம் வெள்ளைக்காரனுக்குத்தான் லாபம்னு காங்கிரஸ்காரர்கள் எதிர்த்தார்கள். இவர் ஆதரித்தார். 1934 தேர்தலில் தோற்றுப்போனார். அதன்பின் 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்துக்கு திவானாக இருந்தார். கொச்சித் துறைமுகம் வளர்ந்த காலம் அது. எர்ணாகுளத்தில் கடலோரமாக இன்றைக்கும் சண்முகம் ரோடு என்று இவர் பெயரில் சாலை இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருது. ஒரு கடன் விஷயம்.

எங்க அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போறாங்க. சில வாரம் கூலியைக் கையில் கொடுக்காமல் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள். நோட்டைப் பார்த்தால் பணம் இருக்கும். அதை வைத்து அரிசி வாங்க முடியாது. இரண்டாம் உலகப்போரில் நம் நாட்டுக்கும் இதேதான் நடந்தது. பிரிட்டன் போருக்காக இந்தியாவிலிருந்து துணி, தானியம், இன்னும் எத்தனையோ சாமான்கள் வாங்கியது. விலையை லண்டனில் கணக்கில் எழுதி வைத்தது. இங்கே அந்தக் கணக்கைக் காட்டி ரூபாய் நோட்டு அடித்தார்கள். நோட்டு பெருகிப்போச்சு, கடையில் சாமான் குறைஞ்சுபோச்சு, விலை ஏறிப்போச்சு. போர் முடியும்போது பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய பாக்கி ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல்! அடிமை நாட்டுக்கு ஆண்ட நாடு கடன்பட்டிருந்தது என்றால் நம்பவே முடியல.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்ற இடத்தில் 44 நாடுகள் கூடின. உலக வங்கி பிறந்தது அந்த மாநாட்டில்தான். இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் இருந்தார். எங்கள் பாக்கிக்கு வழி சொல்லுங்கள் என்று இந்தியா அங்கே கேட்டது. நடக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை இவர் மறக்கவில்லை. 1948-ல் லண்டனுக்கே போய்ப் பேச்சுவார்த்தை நடத்தினார். அப்போது இவர் சுதந்திர இந்தியாவின் நிதி அமைச்சர்.

இவர் காங்கிரஸ்காரர் இல்லை. இருந்தும் நேரு மந்திரிசபையில் இடம் கிடைத்தது. டாக்டர் அம்பேத்கரும் அப்படி வந்தவர்தான். 1947 நவம்பர் 26-ல் முதல் பட்ஜெட்டைப் படித்தார். ஒரு முழு வருடத்துக்குக் கூட இல்லை, அடுத்த மார்ச் வரை ஏழரை மாதத்துக்குத்தான். வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. பற்றாக்குறை எவ்வளவுன்னு நீங்களே கழித்துப் பாருங்கள். செலவில் 92.74 கோடி ராணுவத்துக்கே போனது. நாடு இரண்டாகப் பிரிந்து, லட்சக்கணக்கான மக்கள் வீடுவாசல் விட்டு வந்துகொண்டிருந்த நேரம். அரிசி கோதுமையைக் கூட வெளிநாட்டில் வாங்க வேண்டியிருந்தது.

இதற்கடுத்த பகுதியை எழுத வேண்டாம்னு என் தோழி சொன்னாள். பெரிய மனிதர் வரலாற்றில் நல்லதைத்தான் போடணுமாம். எனக்கு மனசு கேட்கலை.

வரி ஏய்ப்பு செய்தவர்களை விசாரிக்க ஒரு குழு இருந்தது. அதற்குப் போக வேண்டிய பட்டியலிலிருந்து சிலருடைய பெயர்கள் நீக்கப்பட்டதாகப் பிரச்சினை கிளம்பியது. சபையில் கேள்வி கேட்டார்கள். துறை அவருடையது, அதனால் பொறுப்பும் அவருடையது. 1948 ஆகஸ்டில், பதவியேற்று சரியாக ஒரு வருடம் ஆன சமயத்தில், ராஜினாமா செய்தார். பிரிட்டனிடம் பாக்கியை விடாமல் கேட்டவர், வீட்டுக்குள் ஒரு பட்டியலில் எப்படிக் கவனம் தவறினார்னு எனக்கு வருத்தமாகத்தான் இருக்கு. ஆனால் பதவியைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை.

அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. கச்சேரிகளில் தெலுங்குப் பாட்டே அதிகம் பாடிய காலத்தில், தமிழில் பாடுங்கள் என்று ஓர் இயக்கம் கிளம்பியது. அதற்காக 1941-ல் நம்ம அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாநாடு நடந்தது. 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் இவர்தான். சிலப்பதிகாரம் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார், 1946-ல் வெளிவந்தது. பூம்புகார் சுற்றுலா போனோமே, அப்போ இது தெரியாமப் போச்சு!

1950-களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராக வந்தார். அப்போது கடலூரும் சிதம்பரமும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. 1953 மே 5-ல் தன் 60-ஆவது வயதில் காலமானார்.

என் பெரியப்பா அந்தப் பல்கலைக்கழகத் தோட்டத்தில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். இந்தப் பெயரை அவரும் கேட்டதில்லையாம். எழுதி முடித்ததும் அவருக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். ராஜினாமா செய்த இடம் வந்ததும், அதை மட்டும் இன்னொரு தடவை படிம்மான்னு சொன்னார்.