மரத்தை வளைத்த மைக்கேல் தோனெட்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். மேலே மழையும் மூடுபனியும். பசை போட்டு ஒட்டிய மரச் சாமானை அந்த ஈரக்காற்றில் வைத்தால் என்ன ஆகும் என்பது தச்சு வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூட்டு விட்டுப்போகும், ஒட்டுப்பலகை உரியும்.

இந்த ஈரத்தோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்ற தச்சர் ஒருவர் ஐரோப்பாவில் இருந்தார். அவர் பெயர் மைக்கேல் தோனெட். பழைய காபிக் கடைகளில் காணப்படும், முதுகு வளைந்த, பிரம்பு பின்னிய நாற்காலியின் தகப்பன் அவர்தான்.

தோனெட் 1796-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள போப்பார்டு என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழிலாளி. மகன் தச்சு வேலை கற்றார். 1819-ல் சொந்தப் பட்டறை வைத்தார். மறு வருஷம் கல்யாணம். பிள்ளைகள் நிறையப் பிறந்தன, சில தங்கவில்லை. தொழிலுக்குத் துணை நின்றவர்கள் 5 மகன்கள்.

அந்தக் காலத்தில் வளைந்த நாற்காலிக் கால் வேண்டுமானால் அகலமான பலகையிலிருந்து அதை அறுத்து எடுப்பார்கள். பாதி மரம் வீண். அதோடு, வளைவு வரும் இடத்தில் மரத்தின் இழை குறுக்கே வெட்டுப்பட்டு விடும். பாரம் ஏறினால் அங்கேதான் முறியும். மரத்தை அறுக்காமல் வளைத்தால் என்ன என்று தோனெட் நினைத்தார். மெல்லிய மரப்பட்டிகளைச் சூடான வஜ்ஜிரப் பசையில் வேகவைத்து, அடுக்காகச் சேர்த்து, அச்சில் வைத்து வளைத்தார். 1836-ல் நல்ல நாற்காலிகள் வந்துவிட்டன. பசைக்காக ஒரு பசை ஆலையையே வாங்கினார்.

ஜப்தி

கையில் வித்தை இருந்தது, காசு இல்லை. தன் முறைக்கு வெளிநாடுகளில் காப்புரிமை வாங்கக் கடன் மேல் கடன் வாங்கினார். 1841-ல் கோப்ளென்சு நகரில் நடந்த பொருட்காட்சியில் அவருடைய நாற்காலிகளை ஆஸ்திரிய நாட்டின் முதன் மந்திரி மெட்டர்னிக் பார்த்தார். வியன்னாவுக்கு வந்துவிடும்படி யோசனை சொன்னார். 1842-ல் தோனெட் மாதிரிகளை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 45. பலர் ஓய்வை நினைக்கத் தொடங்கும் வயதில், அயலூரில் புதுப் பிழைப்புத் தேடிப் போனார்.

அவர் வியன்னாவில் இருந்தபோது, கடன் கொடுத்தவர்கள் ஊரில் இருந்த சொத்தை ஜப்தி செய்தார்கள். மரத்தை எப்படியும் வளைத்துக்கொள்ளும் உரிமையை ஆஸ்திரிய அரசு அவருக்கு வழங்கியதும் அதே வருஷம்தான். குடும்பம் வியன்னா வந்து சேர்ந்தது. சொந்தப் பட்டறை வைத்திருந்தவர், மகன்களையும் கூட்டிக்கொண்டு கார்ல் லெய்ஸ்லர் என்பவரிடம் வேலைக்குப் போனார். லீக்டென்ஸ்டைன் பிரபுவின் அரண்மனையில் வளைந்த மரத்துண்டுகளைப் பதித்துத் தரை போட்டதும், நாற்காலிகள் செய்ததும் அப்போதுதான். 1849-ல் மறுபடி சொந்தப் பட்டறை. டாம் என்ற காபிக் கடைக்குச் செய்த நாற்காலிகள் ஊரெங்கும் பேசப்பட்டன. 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் வெண்கலப் பதக்கம். 1853-ல் தொழிலை மகன்கள் பெயருக்கு மாற்றினார்.

ஆவியும் இரும்புப் பட்டையும்

ஆனால் கப்பலேறி வெப்ப நாடுகளுக்குப் போன நாற்காலிகளில் பசை இளகிப் பிரிந்தது. இனிப் பசையே வேண்டாம் என்று முடிவு செய்தார். கெட்டி மரத்தையே வளைக்க வேண்டும்.

புட்டுக் குழாயில் ஆவி ஏறுவதுபோல, மூடிய பெட்டிக்குள் மரக் கம்புகளை வைத்து நீராவி ஏற்றினால் மரம் இளகும். ஆனாலும் வளைக்கும்போது வெளிப்பக்கம் வெடிக்கும். இளகிய மரம் நன்றாக நெருங்கிச் சுருங்கும். நீள்வதற்கு மட்டும் சம்மதிக்காது. தோனெட் கண்ட தந்திரம் எளிமையானது. வளைவின் வெளிப்பக்கத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, இரு முனைகளையும் இறுக்கிவிட்டார். பட்டை நீளாது, ஆகவே மரமும் நீள முடியாது. உள்பக்கம் சுருங்கி வளைந்து கொடுக்கும். சூடு ஆறுவதற்குள் இரும்பு அச்சில் பூட்டி, அப்படியே உலர விடுவார்கள்.

இன்று உள்சுவரையும் மேற்கூரையின் அடிப்பக்கத்தையும் அலைபோல வளைக்க ரீப்பர்களை ஆவியில் இளக்கும் தச்சர்களுக்கும் இதுவே பாடம். ஓர் அங்குல கனத்துக்குச் சுமார் ஒரு மணி நேர ஆவி என்பது அவர்கள் கணக்கு. முடிச்சில்லாத, இழை நேராக ஓடும் மரம் வேண்டும். அச்சிலிருந்து எடுத்ததும் மரம் கொஞ்சம் நிமிரும் என்பதால், தேவைக்குச் சற்று அதிகமாகவே வளைப்பார்கள்.

பீச் மரக்காடுகள் நிறைந்த மொராவியாவில், கொரிச்சானி என்ற ஊரில் தொழிற்சாலை கட்டினார். 1856-ல் கெட்டி மரத்தை வளைக்கும் முறைக்கு உரிமை கிடைத்தது. தேவையான யந்திரங்களையும் அவரே வடிவமைத்தார். 1859-ல் 14-ம் எண் நாற்காலி வந்தது. 6 மரத்துண்டுகள், 10 திருகாணிகள், 2 நட்டுகள், அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். போய்ச் சேர்ந்த ஊரில் யார் வேண்டுமானாலும் முடுக்கிக்கொள்ளலாம். 1867-ல் பாரிஸ் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

1869-ல் உரிமைக் காலம் முடிந்தது. போட்டிக் கம்பெனிகள் முளைத்தன. தோனெட் 1871-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி வியன்னாவில் காலமானார். 1930-க்குள் அந்த 14-ம் எண் நாற்காலி சுமார் 5 கோடி விற்றிருந்தது. அவர் சொத்து ஜப்தியான போப்பார்டு ஊரின் அருங்காட்சியகத்தில், அவர் செய்த நாற்காலிகளை இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.